பூசணிக்காய்க்குள் ஒரு வாக்குமூலம்

ஆவிகளுக்குக் கூட்டெழுத்து படிக்க வராது. அதனால் எல்லாரும் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, கொட்டை எழுத்தில்தான் எழுத வேண்டும். இது பேராசிரியர் மோர்டிமர் நைட், ஹார்மன்ஸ் மில் என்ற அமெரிக்க ஓஹையோ மாநிலத்து ஊருக்கு விதித்த சட்டம்.

பேராசிரியர் எந்தக் கல்லூரிப் பக்கமும் எட்டிப் பார்த்ததில்லை. வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் அவர் டேல் ஹுப்கா. வீடு வீடாகப் போய் ஹீட்டர் ரிப்பேர் பார்ப்பவர். ஹாலோவீன் என்ற பேய்த் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு தீயணைப்பு நிலைய ஹாலில் மேடையேறுவார். செத்துப்போனவர்களிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை ஒரு அட்டையில் எழுது, பெயர் போடாதே, உறையில் போட்டு ஒட்டிக் கொடு என்பார். அதில் நாலைந்து உறைகளை நெற்றியில் வைத்து, பிரிக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்வார். மீதி உறைகள் வாசலில் மூட்டும் நெருப்புக்கு அப்படியே போகும்.

இது கத்தோலிக்கர்களுக்கு இருப்பதுபோல் பாவமன்னிப்புக் கூண்டு இல்லாத லூத்தரன் கிறிஸ்தவ ஊர். வருஷம் முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் ஜனங்கள் அந்த நெருப்பை நம்பி அட்டையில் கொட்டினார்கள். நேற்றுவரை அந்த நம்பிக்கைக்குப் பழுது வரவில்லை.

"நேத்து நான் மூணாவது வரிசையில இருந்தேன், பாஸ்," என்றான் லானி பெட்ராக், காரைத் திருப்பிக்கொண்டே. "ஆவியோட பேசப் போகல. டோனட் இலவசம்னாங்க."

பக்கத்தில் மேவிஸ் ட்ரம்மண்ட் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கண்டுபிடித்தவள். ஓய்வு பெற்ற பிறகு அதையே சொந்தத் தொழிலாக வைத்துக்கொண்டாள். லானி அவளுடைய ஒரே ஊழியன். மூன்று வேலைகளிலிருந்து வாய்க் கொழுப்பால் துரத்தப்பட்டவன். நான்காவது இடத்தில் அந்த வாயைக் கண்டுகொள்ளாத முதலாளி கிடைத்தது அவன் அதிர்ஷ்டம்.

"வரிசையாச் சொல்லு. உன் ஜோக்கை எல்லாம் கழிச்சுட்டுச் சொல்லு," என்றாள் மேவிஸ்.

"கழிச்சா ஒண்ணும் மிஞ்சாது. சரி, கேளுங்க. மேஜை மேல மூஞ்சி செதுக்கின ஒரு பெரிய பூசணிக்காய், வாயைப் பொளந்துக்கிட்டு. பக்கத்துல கூர் மேல பாத்தமாதிரி நட்டு வச்ச ஒரு கத்தி. முதல் கவரை நெத்தில வச்சாரு. 'நாய்... பேரு பிஸ்கட்... என்னை மன்னிச்சுடு'ன்னாரு. ஏர்ல் எந்திரிச்சு என் நாய்தான்னு மூக்கைச் சிந்தினான். பேராசிரியர் கவரைக் கிழிச்சாரு, அட்டையைப் பாத்துத் தலையாட்டினாரு, அட்டையைப் பூசணிக்காய் வாயில போட்டாரு, கவரைக் கத்தில குத்தினாரு."

"எந்த ஏர்ல்?"

"பேராசிரியரோட மச்சான்தான். போன வருஷம் அவனோட அத்தை வந்தா, அதுக்கு முன்னாடி சித்தப்பா. ஆவிங்க வரிசையில எப்பவும் அவன் வீட்டு ஆளுக்குத்தான் முதல் இடம்."

மேவிஸ் லேசாகப் புருவத்தைத் தூக்கினாள். "அப்புறம்?"

"ரெண்டாவது கவர். 'தம்பி, உன் தூண்டிலைத் தொலைச்சது நான்தான்.' கிழவர் ஸ்வென் எந்திரிச்சு நிஜமாவே அழுதாரு. கவரைக் கிழிச்சு அட்டையைப் பாத்தப்போ பேராசிரியர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு. நடிப்பு பிரமாதம்னு நினைச்சேன். மூணாவது கவரை நெத்தில வச்சாரு. அங்கிக் கையால வேர்வையைத் துடைச்சாரு. அப்புறம் சொன்னாரு: 'ஆர்வில், உன்னை இடிச்சது நான்தான். நிறுத்தாமப் போயிட்டேன். மன்னிச்சுடு.' எனக்கு டோனட் தொண்டையிலேயே நின்னுபோச்சு."

ஆர்வில் ஸ்டென்ட் ஓய்வு பெற்ற தபால்காரர். மூன்று வாரத்துக்கு முன்னால், பொழுது சாயும் நேரத்தில் க்ரீமரி ரோட்டில் நடந்து போனவரை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. ஆள் அங்கேயே போய்ச் சேர்ந்தார். யார் என்று இதுவரை துப்பு இல்லை.

"டோனட்டைக் கடிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் கீழ வச்சுட்டாங்க. ஆனா பேராசிரியருக்குப் பழக்க தோஷம். கை பாட்டுக்குக் கவரைக் கிழிச்சு, அட்டையைப் பாத்து, கத்தில குத்திச்சு. நாலாவது கவரை எடுத்து, 'அம்மா, உன் பியானோவ வித்துட்டேன்'னாரு. அதுக்கு யாரும் எந்திரிக்கல. அதுக்குள்ள வாஸ்லர் மேடையில ஏறிட்டாரு."

வாஸ்லர் அந்தப் பக்கத்துக்குத் துணை ஷெரிஃப், அதாவது போலீஸ். பூசணிக்காய்க்குள் கையை விட்டு வாக்குமூல அட்டையை எடுத்தார். கத்தியின் மேலாக இருந்த மூன்றாவது உறையை உருவினார். வழக்கமாக அந்த உறைகளில் எந்த அடையாளமும் இருக்காது. இந்த வருஷம் மாதர் சங்கத் தலைவி ஆர்டித் கெம்ப், ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி உறைகளை எரிப்பது அநியாயம் என்று முடிவு கட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஆப்பிள் பை என்ற பலகாரம் பரிசாகக் கிடைக்கும் குலுக்கலுக்கான சீட்டை ஒட்டிவிட்டாள். சீட்டின் மறுபாதி எழுதியவர் கையில். வாஸ்லர் எடுத்த உறையில் எண் இருபத்தேழு. மறுபாதி கிரெட்டா ஹுலிக்கின் கோட்டுப் பையில் இருந்தது.

"குத்தத்தை ஒத்துக்கிட்டு, கூடவே ஆப்பிள் பைக்கும் ஒரு சீட்டு போட்டிருக்கா. இவ்வளவு சிக்கனமான குற்றவாளியை நான் பாத்ததில்ல," என்றான் லானி.

கிரெட்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். காலையில் மேவிஸுக்குப் போன் செய்து கூப்பிட்டவள் அவள்தான். வீட்டு வாசலிலேயே அவளுடைய கார் நின்றது, முன்பக்கம் நசுங்கி. மேவிஸ் குனிந்து உடைந்த விளக்கின் இடுக்கில் விரலை விட்டாள். ஒரு கொத்து முரட்டு முடி வந்தது.

"மான்," என்றாள்.

"மான்னு நானும் அவர்கிட்ட சொன்னேன்," என்றாள் கிரெட்டா, வாசலிலிருந்தே. நாற்பது வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது. "நான் வாஸ்லரைக் குத்தம் சொல்லல. அக்டோபர்ல மாட்டிக்கிட்ட எல்லாரும் மான் மேலதான் பழி போடறாங்களாம். அஞ்சு மணிக்கு வாரன்ட்டோட வர்றேன்னிருக்காரு. காலைலயே பஸ் சாவிய வாங்கிட்டாங்க. எனக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்கா, மிஸஸ் ட்ரம்மண்ட். அவளுக்கு என்னைத் தவிர யாரும் கிடையாது."

சமையலறை மேஜையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். மேவிஸ் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ எழுதினது என்ன?"

கிரெட்டா ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். காய்ந்த தட்டைத்தான்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அது என் வீட்டு விஷயம்."

"அஞ்சு மணிக்கு மேல உனக்கு வீடே இருக்காது, கிரெட்டா. சொல்லு."

"அம்மாவோட பியானோ," என்றாள் கிரெட்டா, தட்டிடமே பேசுவதுபோல. "என் பொண்ணு ஜோசிக்குக் கொடுக்கணும்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாங்க. ஹீட்டர் கெட்டுப்போச்சு, குளிர்காலம் வேற வருது. வித்துட்டேன். மேடையில அதைச் சொன்னப்போ எந்திரிக்க வெக்கமா இருந்தது."

லானி வாய்க்குள் போட்ட மிட்டாயை மெல்ல மறந்தான்.

"பாஸ், பியானோ நாலாவது கவர்ல இல்ல வந்துச்சு? இவங்களோட கவர் மூணாவது."

"இப்பதான் நீ சம்பளத்துக்கு வேலை பாக்கற." மேவிஸ் கிண்ணத்திலிருந்து நான்கு மிட்டாய்களை எடுத்து வரிசையாக வைத்தாள். "கிரெட்டா எழுதின வார்த்தையை அந்த ஆளு சொல்லத்தான் செஞ்சான். ஆனா அவ கவரைக் கிழிச்ச பிறகு, அடுத்த கவரை நெத்தில வச்சுக்கிட்டு. அவன் முகம் எப்ப வெளுத்தது?"

"தூண்டில் கவரைக் கிழிச்சப்போ."

"தூண்டிலைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா, மீனைத் தவிர?"

ஜோக் அடிப்பது தன் துறை என்று லானிக்கு ஒரு சின்ன வருத்தம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கார்ச் சாவியை எடுத்தான்.

டேல் ஹுப்கா சர்ச்சின் அடித்தளத்தில் ஹீட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஹீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. ஊரில் யாரும் தேடாத இடம் அது ஒன்றுதான்.

"பேராசிரியரே," என்றான் லானி, "பிஸ்கட் விசாரிச்சுது."

தலை வெளியே வந்தது. கன்னத்தில் கரி.

"மேவிஸ், நான் ஒரு கருவிதான். அந்த வார்த்தைங்க எங்கிருந்தோ வருது. எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் மேவிஸ். "ஏர்லுக்கு நாயே கிடையாது, டேல். அவன் என்ன சொல்லணும்னு முன்னாடியே பேசி வச்சிருக்கீங்க. முதல் கவரை நெத்தில வச்சுக்கிட்டு நாய்க் கதையைச் சொல்றீங்க, ஏர்ல் அழறான், எல்லாரும் நம்பிடறாங்க. சரிபாக்கறமாதிரி கவரைக் கிழிக்கறீங்க. உள்ள இருக்கறது நாய் இல்ல, ஸ்வெனோட தூண்டில். அதை மனசுல வாங்கிக்கிட்டு ரெண்டாவது கவரை நெத்தில வச்சு ஒப்பிக்கறீங்க. இப்படியே கடைசி வரைக்கும். எப்பவும் ஒரு கவர் முன்னால இருக்கீங்க."

டேல் சுற்றுமுற்றும் பார்த்தார். கேட்பதற்கு ஹீட்டரைத் தவிர யாரும் இல்லை.

"சத்தமாச் சொல்லாதீங்க," என்றார் கெஞ்சலாக. "பத்தொன்பது வருஷத்துப் பேரு. வெளிய தெரிஞ்சா ஒரு பிறந்தநாள் விழாவுக்குக்கூட கூப்பிட மாட்டாங்க."

"ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போறா," என்றான் லானி. "உங்களுக்குப் பிறந்தநாள் விழா கேக்குதா?"

"நான் என்ன பண்ணட்டும்? ரெண்டாவது கவரைக் கிழிச்சா உள்ள அது இருக்கு. அடுத்த கவருக்குச் சொல்றதுக்கு என் கையில வேற சரக்கு இல்ல. முந்நூறு பேர் பாத்துக்கிட்டிருக்காங்க. ஆவி கொஞ்சம் மறந்துடுச்சுன்னா சொல்ல முடியும்?" அவர் அங்கியில்லாத தோளைக் குலுக்கிக்கொண்டார். "பொய் சொல்லலையே நான். அட்டையில இருந்ததைத்தான் சொன்னேன். கவர்தான் கொஞ்சம் தள்ளிப்போச்சு."

"ஒவ்வொரு வருஷமும்தான் தள்ளிப்போச்சு. கவர் மேல அடையாளம் இல்லாதவரைக்கும் யாருக்கும் தெரியல. ஆர்டித் நம்பரை ஒட்டினதும் உங்க வித்தை ஒருத்தி கழுத்துக்குக் கயிறாயிடுச்சு. கோட்டை மாட்டுங்க, டேல். இதை வாஸ்லர் முன்னாடி சொல்லப்போறீங்க."

"மாட்டேன்னா?"

"லானி சொல்லுவான். அவன் சொன்னா எப்படியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க."

டேல் லானியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். கோட்டை மாட்டிக்கொண்டார்.

தீயணைப்பு ஹாலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. மேடையில் எதையும் யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. பூசணிக்காய் இளித்துக்கொண்டிருந்தது. கத்தியில் இரண்டு உறைகள் அப்படியே குத்தி நின்றன. ஆர்டித் கெம்ப் தோட்டத்து இழுவை வண்டியிலிருந்து டோனட் பெட்டிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுபது வயதுக்கு விறைப்பான முதுகு. சர்ச்சில் அவள் பக்கம் திரும்பி இருமக்கூட ஜனங்கள் யோசிப்பார்கள்.

"இருநூறு டோனட்டையும் கைவண்டியில இழுத்துக்கிட்டா வந்தீங்க, மிஸஸ் கெம்ப்?" என்றான் லானி.

"நடந்தா உடம்புக்கு நல்லது. நீ தொடாதே, அது பிள்ளைங்களுக்கு."

வாஸ்லர் சுவரோரமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எதிரே நாற்காலியில் கிரெட்டா. வீட்டு வாசலில் போலீஸ் வண்டி வந்து நிற்பதை மகள் பார்க்கக் கூடாது என்று அவளே கிளம்பி வந்துவிட்டாள்.

"மேடம், டேலைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. ஆவியும் வந்திருக்கா?" என்றார் வாஸ்லர்.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க," என்றாள் மேவிஸ். "ஆர்டித், குலுக்கல் சீட்டுக்குப் பட்டியல் வச்சிருக்கியா?"

ஆர்டித்துக்கு முகத்தில் கொஞ்சம் பெருமை கூடத் தெரிந்தது. அப்ரன் பையிலிருந்து நீல நோட்டை எடுத்துப் பிரித்தாள். "இருநூத்தி எண்பது பேர். ஒரு நம்பர் தப்பு இருக்காது."

மேவிஸ் மேடையேறி, கத்தியில் அடியில் இருந்த உறையைத் தொட்டாள். "இது முதல் கவர். எல்லாரும் ஏர்லோட நாய்னு நினைச்சது. நம்பர் நாப்பத்தொண்ணு. யாரு?"

ஆர்டித் விரலால் வரிசையைத் தேடினாள். "ஸ்வென்."

வாஸ்லர் சுவரை விட்டு நிமிர்ந்தார். "ஸ்வெனோடது தூண்டில் இல்ல? அது ரெண்டாவதாச்சே."

"சொல்லுங்க, டேல்," என்றாள் மேவிஸ்.

பேராசிரியர் மோர்டிமர் நைட் தரையைப் பார்த்தபடி தன் பத்தொன்பது வருஷத்தையும் இரண்டு நிமிஷத்தில் ஒப்பித்து முடித்தார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. கிரெட்டா எழுந்து நின்றுவிட்டாள். வாஸ்லர் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அப்ப ஆர்வில் அட்டை வந்தது மூணாவது கவர்லருந்து இல்ல. ரெண்டாவதுலருந்து."

"ரெண்டாவது இதோ," என்றாள் மேவிஸ். "நம்பர் ஒன்பது. ஆர்டித், ஒன்பது யாரு?"

ஆர்டித் நோட்டைப் பார்க்கவில்லை. நோட்டை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். லானி எட்டிப் பார்க்கப் போனவன் நின்றான். கைவண்டியைப் பார்த்தான், ஆர்டித்தைப் பார்த்தான். மூன்று வாரமாக அவளை யாராவது காரில் சர்ச்சுக்கு ஏற்றிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. முழங்கால் வலி என்று சொன்னாள். முழங்கால் வலிக்காரி இருநூறு டோனட்டை அரை மைல் இழுத்திருக்கிறாள், காரை மட்டும் எடுக்கவில்லை.

"நம்பர் ஒட்டினது நீ," என்றாள் மேவிஸ், மிக மெதுவாக. "அவசரத்துல வேற யாரோடதையோ மாத்தி ஒட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வாஸ்லராலயும் முடியாது. ஒட்டறதுல தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லிடு."

ஆர்டித் நிமிர்ந்தாள். கன்னம் இரண்டும் சிவந்துவிட்டது.

"நான் மாத்தி ஒட்டுவேனா? முப்பது வருஷமா இந்தச் சங்கத்தை நடத்தறேன். ஒன்பது என் நம்பர். என் கையால ஒட்டினேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது.

ஒரு மனுஷனை ரோட்டில் போட்டுவிட்டுப் போக அவளால் முடிந்தது. மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருக்க முடிந்தது. தன் குற்றத்துக்கு வேறொருத்தி கைவிலங்குக்குக் காத்திருக்கும் ஹாலில் டோனட் அடுக்க முடிந்தது. குலுக்கல் பட்டியலில் தப்பு என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

"உங்க கவர்ல எதுக்கு நம்பர் ஒட்டினீங்க?" லானிக்கு உண்மையாகவே தாங்கவில்லை. "அதை மட்டும் ஒட்டாம விட்டிருக்கலாமே."

"எல்லாரும் ஒட்டணும்னு சொன்னது நான். நானே ஒட்டலன்னா எப்படி?" என்றாள் ஆர்டித். "அது எரிஞ்சுபோகும்னு நினைச்சேன். ஒவ்வொரு வருஷமும் எரியுமே. ஆர்வில் கையில லைட் இல்ல, வாஸ்லர். நான் மான்னுதான் நினைச்சேன். கொஞ்ச தூரம் போனப்புறம்தான் மான் கோட்டு போடாதுன்னு தோணிச்சு. திரும்பிப் போகத் தைரியம் வரல."

வாஸ்லர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

ஆர்டித் அப்ரனை அவிழ்த்து மடித்தாள். கிரெட்டாவின் எதிரே போய் நின்றாள்.

"உன்னை நான் கைவிட்டிருக்க மாட்டேன், கிரெட்டா. வாரா வாரம் ஜெயிலுக்கு வந்து பாத்திருப்பேன். ஜோசியை என் வீட்டுலயே வச்சு வளத்திருப்பேன். நல்லபடியா வளத்திருப்பேன்."

அவள் மனதாரத்தான் சொன்னாள். நேற்று மேடையில் பார்த்த எதற்கும் சிலிர்க்காத லானிக்கு இப்போது முதுகுத்தண்டு சில்லிட்டது.

கிரெட்டா கத்தவில்லை. "இன்னிக்குக் காலைல என் பொண்ணு என்கிட்ட கேட்டா, நீ அந்தத் தபால் தாத்தாவைக் கொன்னுட்டியாம்மான்னு," என்றாள். "இல்லன்னேன். சரின்னா. ஆனா நம்பல. சாப்பிடறப்போ என் பக்கத்துல உக்காரல. நான் சொன்னா அவ நம்ப மாட்டா, மிஸஸ் கெம்ப். வாரன்ட்டு கிழிஞ்சுதுன்னாலும் நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்லுங்க."

ஆர்டித் வாஸ்லரைப் பார்த்தாள். அவர் சட்டப் புத்தகத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று யோசிக்கும் முகத்தோடு, வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தின் சங்கு ஊதியது. பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வீடு வீடாகக் கிளம்பலாம் என்று அர்த்தம். கிரெட்டா வீட்டு வாசலில் முதலில் மணி அடித்தது ஆர்டித் கெம்ப்.

துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுக்காரி பின்னால் நிற்க, கதவைத் திறந்தது ஏழு வயதுச் சிறுமி. அட்டையில் செய்த பொரித்த முட்டை வேஷம். இரண்டு கையாலும் மிட்டாய்க் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். படியில் வேஷம் எதுவும் இல்லாத ஒரு கிழவி நிற்பதைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் தள்ளி நிற்கும் அம்மாவைப் பார்த்தாள்.

"நீங்க என்ன வேஷம்?" என்றாள்.

"நான் மிஸஸ் கெம்ப்," என்றாள் ஆர்டித். முழங்காலை மடித்து, குழந்தையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். "ஆர்வில் தாத்தாவை இடிச்சது நான், ஜோசி. உங்க அம்மா இல்ல."

ஜோசி கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, முட்டை வேஷம் நசுங்க, படியில் இறங்கி அம்மாவிடம் ஓடினாள்.